ஒரு டாக்டர்... எத்தனை பேருக்கு?

மழை பெய்து ஓய்ந்த கரிசல் காட்டில் நடந்திருக்கிறீர்களா? எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் செருப்போடு ஒரு கட்டி மண்ணும் கூடவே வரும். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம், புதூர் பக்கம் போனால், ஊருக்கும் ஊருக்கும் நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் இந்தக் கறுப்பு மண்தான். அங்கே ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால், பக்கத்தில் டாக்டர் இருப்பாரா? பதில் சொல்ல வேண்டியது தலைவிதி அல்ல, ஒரு கணக்கு!

அந்தக் கணக்கை முதலில் பெரிய அளவில் போட்டது பிரிட்டிஷ் அரசு. 1943-ல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஸர் ஜோசப் போர் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தார்கள். நம்ம ஊர் டாக்டர் ஏ.லட்சுமணசுவாமி முதலியாரும் அதில் உறுப்பினர். 1946-ல் அறிக்கை வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் சுமார் 6,300 பேருக்கு ஒரு டாக்டர். இங்கிலாந்திலோ ஆயிரம் பேருக்கு ஒருவர். இருந்த கொஞ்சநஞ்ச டாக்டர்களிலும் பெரும்பாலோர் பட்டணவாசிகள்.

1971-க்குள் 2,000 பேருக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்றது கமிட்டி. முதல் கட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதில் 2 டாக்டர்கள்.

ஆனால், ஒரு தகராறு வந்தது. அன்றைக்குக் கிராமத்து நோயாளிகள் பலருக்குக் கைகொடுத்தவர்கள் எல்.எம்.பி. டாக்டர்கள். பட்டப்படிப்பைவிடக் குறைந்த காலத்தில் படித்துவிட்டு வந்தவர்கள். 'இனி ஒரே தரம், ஒரே படிப்பு' என்றனர் கமிட்டியின் பெரும்பான்மையினர். 'டாக்டர் பஞ்சத்தில் இந்தப் படிப்பை மூடலாமா?' என்று சில உறுப்பினர்கள் எதிர்த்துக் குறிப்பு எழுதினார்கள். பெரும்பான்மை ஜெயித்தது. தரம் முக்கியமா, எண்ணிக்கை முக்கியமா என்ற சண்டை மட்டும் ஓயவில்லை.

பின்னாளில் விதி மாறியது. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு சுகாதார நிலையம். மலை, பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கு ஒன்று. மலையில் ஆட்கள் சிதறி வாழ்கிறார்கள், நடை அதிகம் என்பதால் இந்தச் சலுகை. நியாயம்தான். கரிசல் பூமி? அது சமவெளி ஆச்சே! அங்கேயும் ஊர்கள் தள்ளித் தள்ளித்தான் கிடக்கின்றன. தலையை எண்ணுகிற விதிக்குத் தூரம் தெரியாது.

இப்போது நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு டாக்டர் 48 மணி நேரம் உழைக்கிறார் என்று வையுங்கள். ஒரே ஒரு நாற்காலி ராப்பகலாகக் காலியாகாமல் இருக்கவே மூன்றரை டாக்டர் வேண்டும். லீவு, பயிற்சி என்று சேர்த்தால் நாலைத் தாண்டும். காலையில் 200 நோயாளிகள் வந்து, ஆளுக்கு 5 நிமிஷம் என்றால் 1,000 நிமிஷம். நாலு மணி நேர ஓ.பி.க்கு நாலு பேருக்குச் சற்று மேலேயே தேவை. ஒருத்தரே பார்த்தால், தலைக்கு ஒண்ணேகால் நிமிஷம்கூடத் தேறாது!

இப்படித் தலையை விட்டுவிட்டு வேலையை எண்ணும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1998-ல் புத்தகமாகவே போட்டது. தமிழ்நாடு 2000-களில் வேறொரு வழி பிடித்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸுகள், மூன்று ஷிஃப்ட். ராத்திரிப் பிரசவத்துக்குக் கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருந்தது.

எனவே, 'ஆயிரம் பேருக்கு ஒரு டாக்டர்' என்று யாராவது புள்ளிவிவரம் சொன்னால் சந்தோஷப்படுங்கள். கூடவே, 'சரிங்க, புதூரில் ராத்திரி ரெண்டு மணிக்கு எத்தனை பேர்?' என்றும் கேட்டு வையுங்கள்.