வட ஆர்க்காட்டில் குழந்தைக் கொத்தடிமை முறை: ஆய்வுகளும் கொள்கைகளும்

குழந்தைக் கொத்தடிமை முறை என்பது பெற்றோர் வாங்கும் முன்பணத்துக்கு ஈடாகக் குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கம். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் இது பெரும்பாலும் பீடித் தொழிலைச் சார்ந்திருந்தது. 1931ஆம் ஆண்டின் தொழிலாளர் ஆணைய அறிக்கை தொடங்கி 1990களின் கள ஆய்வுகள் வரை பல ஆவணங்கள் இதைப் பற்றிப் பேசியுள்ளன. சட்டங்களும் அடுத்தடுத்து வந்தன. ஆயினும் சட்டம் தொழிற்கூடத்தைப் பார்த்தது. குழந்தையோ பெரும்பாலும் வீட்டிலும் திண்ணையிலும் வேலை செய்தது. குடும்பத்தின் கடனும் குழந்தையின் வகுப்பறையும் ஒருசேரக் கவனிக்கப்பட்டபோதுதான் மாற்றம் தொடங்கியது. இம்முயற்சியிலிருந்து தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வியில் பெரிய மாற்றம் ஒன்றும் பிறந்தது.

பகுதியும் தொழில்களும்

பாலாற்றங்கரையில், சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே அமைந்த பேரூராட்சி பள்ளிகொண்டா. ரங்கநாதர் கோயிலால் அறியப்படும் இவ்வூரிலிருந்து குடியாத்தத்துக்குச் சாலை பிரிகிறது. குடியாத்தம் கைத்தறி லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பீடிக்கும் பெயர் பெற்றது. மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகியவை தோல் பதனிடும் ஊர்கள். ஆம்பூர் பின்னர் காலணி ஏற்றுமதி மையமாகவும் வளர்ந்தது.

1989இல் வட ஆர்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இப்பகுதி வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றும் பின்னர் வேலூர் மாவட்டம் என்றும் பெயர் பெற்றது. 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாயிற்று. பள்ளிகொண்டாவும் குடியாத்தமும் வேலூரிலும், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரிலும் அமைந்தன.

இத்தொழில்களுக்குப் பொதுவான ஒரு தன்மை உண்டு. வேலையின் ஒரு பகுதி தொழிற்கூடத்துக்கு வெளியே, வீடுகளில் நடைபெறுகிறது. பீடி இலையையும் தூளையும் ஒப்பந்தக்காரர் கொடுப்பார். வீட்டுப் பெண்கள் சுற்றிக் கொடுப்பார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். ஆயிரத்தை எட்டுவதற்கு இலை நறுக்கவும், நூல் கட்டவும், முனை மடக்கவும் குழந்தைகளின் கைகள் பயன்பட்டன.

முன்பணம் செயல்பட்ட விதம்

நோய், திருமணம், இறப்பு, வேலையற்ற மாதங்களின் சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றுக்காகக் குடும்பம் முன்பணம் வாங்கும். தொகை சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் ரூபாய் வரை இருக்கும். வங்கி இக்குடும்பங்களுக்குக் கடன் தராது. ஈடு வைக்க அவர்களிடம் நிலமோ நகையோ இல்லை. குழந்தையின் உழைப்பே ஈடாயிற்று.

குழந்தைக்குத் தரப்படும் சிறு கூலி முதலில் கழிக்கப்படுவதில்லை. குழந்தையின் உழைப்பு வட்டிக்கு ஈடாகவே கொள்ளப்பட்டது. முதலை ஒரே தவணையில் திருப்பித் தந்தால்தான் குழந்தை வெளியேற முடியும். அத்தகைய மொத்தத் தொகை குடும்பத்தின் கையில் சேர்வதில்லை. அடுத்த நோய் வந்தால் கடன் கூடும். அண்ணன் வளர்ந்து வேறு வேலைக்குப் போனால் தம்பியோ தங்கையோ அவ்விடத்துக்கு வருவதும் உண்டு. எனவே இது தனி ஒரு குழந்தையின் பிரச்சினை மட்டும் அன்று. குடும்பப் பொருளாதாரத்தின் பிரச்சினை.

1931 அறிக்கையும் 1933 சட்டமும்

ஜே. எச். விட்லி தலைமையில் 1929இல் அமைக்கப்பட்ட தொழிலாளர் அரச ஆணையம் 1931இல் அறிக்கை அளித்தது. குழந்தைகளின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கம் அமிர்தசரஸ், அகமதாபாத், சென்னை எனத் தொலைவில் உள்ள இடங்களிலும் இருப்பதை அது பதிவு செய்தது. அமிர்தசரஸின் கம்பளத் தொழிற்கூடங்களும் சென்னையின் பீடித் தொழிற்கூடங்களும் அதன் முதன்மைச் சான்றுகளாக இருந்தன.

இதன் விளைவாகக் குழந்தை உழைப்பு அடகுச் சட்டம் 1933இல் இயற்றப்பட்டது. 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என அது அறிவித்தது. அடகு வைக்கும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரையிலும், வேலைக்கு வைப்பவருக்கு 200 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க அது வழிசெய்தது. எனினும் குழந்தைக்குத் தீங்கின்றி, நியாயமான கூலிக்கு, ஒரு வார அறிவிப்பில் முடித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தம் அடகாகக் கருதப்படாது என்று சட்டமே விலக்கு அளித்தது. வாய்மொழியாக நடக்கும் கொடுக்கல் வாங்கலில் இந்த வேறுபாட்டை மெய்ப்பிப்பது கடினம்.

சட்டங்களும் வீட்டு விலக்கும்

விடுதலைக்குப் பின் வந்த சட்டங்கள் மேலும் விரிவானவை. 1966ஆம் ஆண்டின் பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் பீடி சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது. உச்ச நீதிமன்றம் 1974இல் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தொழிற்கூடங்களில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதையும் சட்டம் தடை செய்தது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. கொத்தடிமைக் கடன்கள் அனைத்தும் அதன்படி ரத்தாகும். அதே ஆண்டு பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டமும் வந்தது. தொழிலாளரின் குழந்தைகளுக்குக் கல்வி உதவித்தொகை இந்நிதியிலிருந்து கிடைத்தது.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி தயாரிப்பைத் தடைசெய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தினரின் உதவியோடு நடத்தப்படும் பட்டறைக்கு இத்தடை அப்போது பொருந்தவில்லை. கூடத்திலிருந்து வேலை வீட்டுக்குப் போனபோது தடையும் விலகியது. ஆய்வாளர்கள் பலர் சுட்டிக்காட்டிய பெரிய ஓட்டை இதுவே.

கணக்கெடுப்பின் வரம்புகள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 5 முதல் 14 வயது வரையான உழைக்கும் குழந்தைகள் 1981இல் சுமார் 9.75 லட்சம், 1991இல் 5.79 லட்சம், 2001இல் 4.19 லட்சம். எண்ணிக்கை குறைந்துவந்ததை இது காட்டுகிறது. 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் போன்றவை குழந்தைகளைப் பள்ளியை நோக்கி ஈர்த்தன. எனினும் வீட்டில் தாய்க்கு உதவும் குழந்தை வேலை செய்வதாகக் கணக்கெடுப்பாளரிடம் சொல்லப்படுவது அரிது. பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருந்து, பகலில் பீடித் தட்டின் முன் அமர்ந்திருக்கும் குழந்தையும் இக்கணக்கில் வராது.

1990களின் ஆய்வுகள்

மைரன் வெய்னர் 1991இல் வெளியிட்ட 'இந்தியாவில் குழந்தையும் அரசும்' என்னும் நூல் விவாதத்தின் திசையை மாற்றியது. குழந்தை உழைப்புக்கு வறுமை மட்டும் காரணமன்று; ஏழைக் குழந்தை உழைப்பது இயல்பு என்னும் அதிகாரிகளின், நடுத்தர வகுப்பினரின் நம்பிக்கையே கட்டாயக் கல்வியைத் தடுக்கிறது என்று அவர் வாதிட்டார். நீரா புர்ரா 1995இல் வெளியிட்ட நூல் பல தொழில்களில் குழந்தைகளின் நிலையைக் கள ஆய்வாக முன்வைத்தது. தமிழ்நாட்டில் 1994இல் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது.

மனித உரிமைக் கண்காணிப்பகம் 1996 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் நேர்காணல்களைக் கொண்டது. பீடித் தொழிலுக்கு அது தமிழ்நாட்டை எடுத்துக்கொண்டது. சட்டத்தை நடைமுறைப்படுத்துவது, குடும்பங்களுக்குச் சேமிப்பு மற்றும் கடனுதவிக்கான மாற்று வழி அமைப்பது ஆகிய இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று அது வலியுறுத்தியது. முன்பணத்தின் தேவை நீங்காமல் குழந்தையை மட்டும் மீட்டால், அடுத்த நெருக்கடியில் குடும்பம் மீண்டும் அதே ஒப்பந்தக்காரரிடம் போகும்.

அண்டை மாவட்டமான தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதற்கு ஒரு முன்மாதிரியாக இருந்தன. பின்னர் இவை மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவின.

1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும். குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும். இயலாவிட்டால் 5,000 ரூபாயை நிதியில் சேர்க்க வேண்டும். குழந்தையின் மீட்பைக் குடும்பத்தின் வருமானத்தோடு இத்தீர்ப்பு இணைத்தது.

வேலூர் முயற்சி

1990களின் நடுப்பகுதியில் இம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த எம். பி. விஜயகுமார் பீடித் தொழிலில் குழந்தைக் கொத்தடிமை ஒழிப்பை மேற்கொண்டார். மீட்கப்பட்ட குழந்தைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அங்கே புதிய சிக்கல் எழுந்தது. பத்து வயதில் முதன்முறையாக எழுத்தைப் பார்க்கும் குழந்தையும், இரண்டாம் வகுப்போடு நின்ற குழந்தையும் ஒரே அறையில் இருந்தனர். வகுப்பு வாரியாகப் பாடம் நடத்தும் வழக்கமான முறை அங்கே பயன்படவில்லை. கற்பதில் சலிப்பு ஏற்பட்டால் குழந்தை மறுநாள் வராது.

இதற்கான விடை மாநில எல்லைக்கு அப்பால், ஆந்திரத்தின் மதனப்பள்ளியை அடுத்த ரிஷி பள்ளத்தாக்கில் இருந்தது. அங்குள்ள கல்வி வள நிறுவனம் கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளைக் கொண்ட ஒரு முறையை உருவாக்கியிருந்தது. பாடம் சிறு படிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு குழந்தையும் கற்றல் ஏணியில் தன் இடத்தைத் தானே கண்டறிந்து, தன் வேகத்தில் அடுத்த படிக்கு ஏறும். சில நாள் வராத குழந்தை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மாநிலம் தழுவிய செயல்வழிக் கற்றல்

விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003இல் இம்முறை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அறிமுகமானது. பின்னர் மற்ற மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் சென்றது. அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரான பின், 2007–08இல் செயல்வழிக் கற்றல் என்னும் பெயரில் மாநிலத்தின் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. குழந்தையின் உயரத்துக்குத் தாழ்த்தப்பட்ட கரும்பலகை, பாயில் குழுவாக அமர்வது, குழந்தைகளோடு தரையில் அமரும் ஆசிரியர் ஆகியவை இதன் அடையாளங்கள். குழந்தை வளர்ச்சியியல் அறிஞர் எஸ். ஆனந்தலட்சுமி 2007இல் இதைப் பற்றி ஆய்வறிக்கை எழுதினார்.

விமர்சனங்களும் எழுந்தன. பாடநூலும் வீட்டுப்பாடமும் இல்லாததைப் பெற்றோர் பலர் ஏற்கவில்லை. அட்டைகள் கிழிந்தால் மாற்று கிடைக்கத் தாமதமாயிற்று. குழந்தைகள் அதிகமுள்ள வகுப்பில் ஒவ்வொருவரின் படியையும் கண்காணிப்பது ஆசிரியருக்குச் சுமையாக இருந்தது. பின்னாளில் இம்முறை எளிமையாக்கப்பட்டது. குழந்தையை வயதால் அல்லாமல் கற்றல் நிலையால் பிரிக்கும் கருத்து, 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்னும் பிரிவுகளில் தொடர்கிறது.

தோல் தொழிலில் வீட்டு வேலை

வீட்டு வேலையைப் பற்றிய கேள்வி இன்னும் முடியவில்லை. ஆம்பூர்ப் பகுதியில் காலணியின் மேற்பாகத்தைக் கையால் தைக்கும் வேலை வீட்டுப் பெண்களிடம் தரப்படுகிறது. சிவிடெப் உள்ளிட்ட அமைப்புகள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, ஏற்றுமதிக் காலணிகளைத் தைக்கும் இப்பெண்களுக்குக் குறைந்த கூலியே கிடைப்பதையும், ஒப்பந்தமோ சமூகப் பாதுகாப்போ இல்லாததையும் பதிவு செய்தது.

அதே ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டோரை எல்லா வேலைகளிலும் அமர்த்துவது தடை செய்யப்பட்டது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்னும் விலக்கு நீடிக்கிறது. 1933 முதல் வேறுவேறு வடிவில் தொடரும் விலக்கு இது.

வரலாற்றில் இடம்

வட ஆர்க்காட்டின் அனுபவம் கொள்கை ஆய்வுக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. தாயின் கூலி ஆயிரம் பீடிக்கோ ஒரு ஜோடிக் காலணிக்கோ மிகக் குறைவாக இருக்கும்வரை, வீட்டில் இன்னொரு ஜோடிக் கைகளின் தேவை இருந்துகொண்டே இருக்கும். ஆகவே குழந்தையின் நலனை அளக்க விரும்பும் ஆய்வு தாயின் கூலியையும் குடும்பத்தின் கடனையும் சேர்த்தே அளக்க வேண்டும். அடுத்தது, மீட்பு என்பது குழந்தையை வேலையிலிருந்து எடுப்பதோடு முடிவதில்லை. பிந்தி வரும் குழந்தையையும் ஏற்கும் வகுப்பறை அதற்குத் தேவை. அத்தகைய வகுப்பறையைத் தேடியபோது கிடைத்த முறை, பின்னர் எல்லாக் குழந்தைகளுக்குமான முறையாக மாறியது.