குடி நின்ற வீட்டில் குடும்பம் எழுந்த வரலாறு

யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரம் இவ்விழாவின் உட்பொருளை வேறுவிதமாகச் சொல்கிறது. ஐம்பதாம் ஆண்டில் அடிமைப்பட்டவன் விடுதலை அடைந்து, தன் காணிக்கும் தன் குடும்பத்துக்கும் திரும்ப வேண்டும் என்பதே அங்குள்ள கட்டளை. தளை அறுபடுவது பாதி. வீடு திரும்புவதே நிறைவு. குடி குடியைக் கெடுக்கும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். குடியை விட்டுவிட்டால் கெட்ட குடி தானாகவே தழைத்துவிடுமா? இக்கேள்விக்கு விடை கண்டவர்களின் வரலாற்றை இம்மலரில் சுருக்கமாகப் பார்ப்போம்.

அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் 1856-இல் ஓர் ஏழைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் மாட் டால்பட். பன்னிரண்டாம் வயதில் மது வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே குடியும் தொற்றிக்கொண்டது. கூலியெல்லாம் மதுக்கடைக்கே போயிற்று. பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் பிடிலைக்கூடத் திருடி விற்றுக் குடித்தார்கள் அவரும் நண்பர்களும். 1884-இல் ஒருநாள் கையில் காசின்றி மதுக்கடை வாசலில் நின்றார். முன்பு இவர் காசில் குடித்தவர்கள் யாரும் அன்று இவரை உள்ளே அழைக்கவில்லை. வீடு திரும்பி, குடியை விடப்போவதாகத் தாயிடம் சொன்னார். காப்பாற்ற முடியுமானால் மட்டும் சத்தியம் செய் என்றார் அத்தாய். பலமுறை ஏமாந்த உள்ளத்தின் எச்சரிக்கை அது.

முதலில் மூன்று மாதங்களுக்கென்று எடுத்த வாக்குறுதி, 1925-இல் இறக்கும்வரை 41 ஆண்டுகள் நிலைத்தது. நாம் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த படியை. பழைய கடன்களை அவர் தேடித்தேடி அடைத்தார். பிடில்காரரை எவ்வளவு தேடியும் காணாததால் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். தாயைக் கடைசிவரை பேணினார். 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

அடுத்து, அமெரிக்க நாட்டின் ஆக்ரன் நகர். அங்கு 1935-இல் பில் வில்சன் என்னும் பங்கு வணிகரும் டாக்டர் பாப் ஸ்மித்தும் சந்தித்தனர். இருவருமே குடிநோயாளிகள். அச்சந்திப்பில் பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் தோழமை. குடிகாரர்களை மருத்துவமனைகள் சேர்க்கத் தயங்கிய காலம் அது. 1939-இல் புனித தோமையார் மருத்துவமனையில் அனுமதிப் பொறுப்பிலிருந்த அருட்சகோதரி இக்னேஷியா, டாக்டர் பாபின் நோயாளி ஒருவருக்கு இரைப்பை அழற்சி என்று எழுதி இடம் கொடுத்தார். வீடு திரும்புவோர் கையில் இயேசுவின் திரு இருதயச் சின்னம் ஒன்றைத் தருவது அவர் வழக்கம். மறுபடி குடிக்க நினைத்தால், முதலில் இதைத் திருப்பிக் கொண்டுவந்து தர வேண்டும் என்பதே நிபந்தனை!

ஆனால் குடி நின்ற வீடுகளில் எல்லாம் சரியாகிவிட்டதா? பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1918-இல் மணமானவர். கணவர் குடித்த காலத்தில் கடையில் வேலை பார்த்து வீட்டைத் தாங்கியவர். கணவர் குடியை விட்டபின் ஒருநாள், கூட்டத்துக்குப் புறப்படலாம் என்று அவர் அழைத்தபோது, லோயிஸ் ஆத்திரத்தில் செருப்பைத் தூக்கி எறிந்தார். இத்தனை ஆண்டு தம் அன்பால் முடியாததை அந்நியர் சிலர் முடித்துவிட்டார்களே என்ற வேதனை உள்ளே கனன்றிருந்தது. தமக்கும் சுகம் தேவை என்று அன்று உணர்ந்தார். 1951-இல் தோழி ஒருவருடன் சேர்ந்து, குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென அல்-அனான் அமைப்பைத் தொடங்கினார். பிள்ளைகளுக்கான அலட்டீன் 1957-இல் பிறந்தது.

இதன் காரணம் நம் வீடுகளிலும் விளங்கும். தந்தை குடித்த ஆண்டுகளில் தாய் காசை ஒளித்துவைக்கப் பழகுகிறாள். மூத்தவன் சிறுவயதிலேயே தந்தையாகிறான். மற்றப் பிள்ளைகள் காலடி ஓசையை வைத்தே அன்றைய இரவைக் கணிக்கக் கற்கிறார்கள். ஒருநாள் அவர் தெளிந்து வந்து, பழைய மரியாதையை உடனே எதிர்பார்க்கிறார். வீட்டாருக்கோ, அவர் பத்து நிமிடம் தாமதித்தாலே நெஞ்சு படபடக்கிறது. இது அன்பின்மையால் அன்று; ஆறாத காயத்தால். குடும்பத்தார் இக்குடியை உண்டாக்கவில்லை, அவர்களால் அதை அடக்கவும் குணமாக்கவும் இயலாது என்று அல்-அனான் கற்பிப்பது, அவர்கள் தோளிலிருந்து பெரும் பாரத்தை இறக்குகிறது.

ஊதாரி மைந்தன் உவமையில் தந்தை ஓடிச்சென்று இளையவனைத் தழுவினார். வீட்டிலேயே இருந்து உழைத்த மூத்தவனோ கோபத்தோடு வெளியே நின்றான். அவனைத் தேடியும் தந்தை வெளியே வந்தார் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அவன் உள்ளே வந்தானா என்று ஆண்டவர் சொல்லவில்லை. அந்த முடிவை நம் குடும்பங்களிடமே விட்டிருக்கிறார்.

நம் தமிழகத்திலும் இப்பாடம் செயலாயிற்று. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனையும் பயிற்சியும் அளித்து வழிகாட்டியது.

ஆகவே அன்பார்ந்த பங்கு மக்களே, குடியை விட விரும்புவோரை ஏளனம் செய்யாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் ஆபத்தும் வரலாம். மீண்டும் விழுந்தாரெனில் மீண்டும் கைகொடுப்போம். மீண்டு வந்தவரோ, மன்னிப்பைக் கடனாகக் கேளாமல், மாட் டால்பட்டைப் போல் பொறுமையோடு ஈடுசெய்யட்டும். அடிபட்ட மனைவியிடம் பொறுத்துப்போ என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்புத் தேடித்தருவோம். மன்னிப்பு என்பது அடிவாங்க இசைவதன்று.

அடிமை விடுதலை பெற்று, குடும்பமும் அவரை அச்சமின்றி வரவேற்கும் நாளே அவ்வீட்டின் யூபிலி. அத்தகைய யூபிலி நம் பங்கின் ஒவ்வொரு இல்லத்திலும் மலர, நாசரேத்தூர்த் திருக்குடும்பம் நமக்காகப் பரிந்து பேசுவதாக!