ஓடுமா?

பர்மா பஜாரில் சிடி வாங்கப் போனவர்கள் விலையை விசாரிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்கள். "அண்ணே, இது எங்க வூட்டு ப்ளேயர்ல ஓடுமா?" கடைக்காரரும் ஒரே பதில்தான் வைத்திருப்பார். "ஓடும், எடுத்துனு போ. ஓடலன்னா எடுத்துனு வா, மாத்தித் தரேன்." நம் வீடுகளில் படம் பார்த்த வரலாற்றை எழுதுவதென்றால் நடிகர்களை விட்டுவிட்டு இந்த 'ஓடுமா'விலிருந்துதான் நான் தொடங்குவேன். வீட்டிலிருக்கும் பெட்டிக்கு அந்தத் தட்டின் மொழி தெரியுமா? தெரியாவிட்டால் பெயர்த்துத் தருவது யார்?

இன்று வீட்டு மூலையில் ஒரு கணினியை வைத்து, அதிலிருக்கும் படங்களை வைஃபை வழியாக டிவிக்கும் போனுக்கும் அனுப்பிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் இதே கேள்விதான். ஃபைல் எப்படி இருக்கிறதோ அப்படியே டிவி வாங்கி ஓட்டினால் அதற்கு டைரக்ட் ப்ளே என்று பெயர். டிவிக்கு அந்த மொழி தெரியாவிட்டால் கணினி நடுவில் உட்கார்ந்து, படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரித்து, வேறொரு மொழியில் திரும்பக் கட்டி அனுப்ப வேண்டும். அது டிரான்ஸ்கோடிங். கணினி கொதிக்கும், உள்ளே ஃபேன் அலறும், படம் நின்று நின்று வரும். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு பெயர்ப்பிலும் படத்தில் கொஞ்சம் தொலையும். தொலைந்தது திரும்ப வராது.

தண்டையார்பேட்டையில் வளர்ந்தவனுக்கு இது புரிய வெளியே உவமை தேட வேண்டியதில்லை. என் தாத்தா ஹார்பரில் மூட்டை இறக்கியவர். கப்பலிலிருந்து வலையில் இறங்கும் மூட்டையைக் கொக்கி போட்டு இழுத்து ஷெட்டில் அடுக்குவார்கள். ஷெட்டிலிருந்து வேகனுக்கோ லாரிக்கோ ஏற்றுவார்கள். கை மாறும் இடத்திலெல்லாம் கொக்கி குத்தும், குத்தின இடத்திலெல்லாம் கோதுமை சிந்தும். 1956இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அவருடைய யோசனை எளிமையானது: நடுவில் பெட்டியைத் திறக்காதே, அப்படியே தூக்கி லாரியில் வை. சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் முனையம் 1983இல் வந்தது. இன்று எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கிற டிரெய்லர்களெல்லாம் அந்த யோசனையின் வாரிசுகள். சிந்துவது நின்றது. தாத்தா மாதிரியான ஆட்களின் வேலையையும் அந்தப் பெட்டிதான் தின்றது. உவமை அழகாக இருக்கிறதே என்று அதை மறைக்க எனக்கு மனசில்லை.

வீடியோக்காரர்களும் இதே சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எம்கேவி, எம்பி4, ஏவிஐ எல்லாம் கன்டெய்னர்கள், வெறும் பெட்டிகள். உள்ளே இருக்கும் சரக்கு எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பதுதான் கோடெக். சரக்கைத் தொடாமல் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றலாம். நஷ்டமே இல்லை, ஒரு நிமிஷ வேலை. சரக்கையே உருக்கி வேறு வார்ப்பில் ஊற்றினால் அது டிரான்ஸ்கோடிங்.

பர்மா பஜார் துறைமுகத்துக்கு எதிரில், பீச் ஸ்டேஷனை ஒட்டி ராஜாஜி சாலையில் இருப்பது தற்செயல் இல்லை. 1962இல் பர்மாவில் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த சில வருஷங்களில் கடைகளும் தொழில்களும் தேசியமயமாக, தலைமுறைகளாக அங்கிருந்த தமிழர்கள் கப்பலேறி வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் உருவாயின. பிழைப்புக்கு 1969இல் கிடைத்த இடம்தான் இந்த நடைபாதைக் கடைவரிசை. கப்பல்காரர்கள் கொண்டுவந்த சாமான்கள் எதிரிலேயே கிடைத்தன. செண்ட், குடை, டேப் ரெக்கார்டர் என்று போன வியாபாரம் எண்பதுகளில் வீடியோவில் வந்து நின்றது.

அங்கேதான் முதல் 'ஓடுமா' ஆரம்பிக்கிறது. அன்று இந்தியாவில் டிவி 'பால்' என்ற முறையில் வந்தது: 625 வரிகள், விநாடிக்கு 25 படங்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 'என்டிஎஸ்சி': 525 வரிகள், ஏறத்தாழ 30 படங்கள். ஜப்பான் போன கப்பல்காரர் ஆசையாக வாங்கி வந்த கேசட்டை இங்கே டெக்கில் போட்டால் படம் உருளும், கலர் போய்விடும். ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றும் கருவி அன்றைக்கு டிவி நிலையங்களில் இருக்கிற சமாச்சாரம். ஆகவே பஜார் வேறு வழிக்குப் போனது. எல்லா முறையும் தெரிந்த 'மல்டி சிஸ்டம்' டெக்கும் டிவியும் விற்றது. கேசட்டை மாற்ற முடியாதா? சரி, பெட்டியை மாற்று. டைரக்ட் ப்ளே என்ற பெயர் வருவதற்கு இருபது வருஷம் முன்பே ராஜாஜி சாலையில் அந்தப் பொருள் கிடைத்தது.

எங்கள் வீட்டில் டெக் கிடையாது. பொங்கலுக்கோ சாவு வீட்டுப் பதினாறாம் நாளுக்கோ வாடகைக்கு எடுத்து ராத்திரி முழுக்க மூன்று படம் பார்ப்பது தெருவின் வழக்கம். 1994இல் ராயபுரத்தில் நடந்த சித்தப்பா கல்யாணத்தின் விஎச்எஸ் கேசட்டும் அப்படி வாடகை டெக்கில்தான் ஓடியது. அதில் ஓரிடத்தில் தாத்தா மைக்கைப் பிடித்து, வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, கொஞ்சம் உளறி, சிரிப்பார். ஒன்றரை நிமிஷம். அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. நாலு வருஷத்தில் போய்விட்டார்.

விசிடியின் விதிமுறை 1993இல் எழுதப்பட்டது. பிலிப்ஸ், சோனி, ஜேவிசி, மட்சுஷிதா சேர்ந்து எழுதியது. ஆனால் அதை உலகமாக்கியது சீனத்துத் தொழிற்சாலைகள். எம்பெக்-1 என்ற ஒரே கோடெக், விநாடிக்கு 1150 கிலோபிட், பால் நாடுகளுக்கு 352க்கு 288 புள்ளிகள், ஒரு தட்டுக்கு 74 நிமிஷம். இதில் நெளிவு சுளிவே கிடையாது. எந்தப் படமாக இருந்தாலும் தயாரிக்கும்போதே இந்த அளவுக்கு வெட்டப்பட்டுவிடும். அதனால்தான் நம் ஊர்ப் படம் இரண்டு தட்டிலும் மூன்று தட்டிலும் வந்தது. பெயர்ப்பு வேலை ஒருமுறை, ஓரிடத்தில் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபின் எந்த ப்ளேயராக இருந்தாலும் ஓடும். மலிவுக்கும் வெற்றிக்கும் அதுதான் காரணம்.

அந்த ஒருமுறையில் என்ன தொலைந்தது என்பதை யாரும் பேசவில்லை. விஎச்எஸ் பால் கேசட்டில் விநாடிக்கு 50 அரைப்படங்கள் உண்டு. ஒற்றைப்படை வரிகள் ஒன்று, இரட்டைப்படை வரிகள் ஒன்று. விசிடிக்கு மாற்றும்போது சாதாரணமாக அதில் ஒரு பாதியைக் கழித்துவிடுவார்கள். 50 அசைவுகள் 25 ஆகிவிடும். சிரித்துக்கொண்டே கையை வீசுகிற ஒருவரின் கை பாதி இடங்களில் இல்லாமல் போகும். 2003இல் எங்கள் கல்யாண கேசட்டை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து விசிடியாக்கினார்கள். தட்டு வந்தது, கேசட் வரவில்லை. கேட்கப் போனபோது அங்கே செல்போன் கடை இருந்தது.

அதற்குள் தட்டின் காலமே மாறிக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்டின் எம்பெக்-4 கோடெக் ஒன்றை உடைத்து ஜெரோம் ரோட்டா என்ற பிரெஞ்சு இளைஞர் தொண்ணூறுகளின் கடைசியில் டிவ்எக்ஸை வெளியிட்டார். டிவிடியில் கொள்ளும் ஒரு படம் இப்போது ஒரு சிடியில் அடங்கியது. ஆனால் டிவியில் ஓடாது, கணினியில்தான் ஓடும். 2003இல் டென்மார்க்கின் 'கிஸ்' நிறுவனம் டிவ்எக்ஸ் தெரிந்த முதல் டிவிடி ப்ளேயரை விற்றது. பின்னாலேயே சீன சிப்புகள் அதைக் கற்றுக்கொண்டு, முகப்பில் யூஎஸ்பி துளையோடு பர்மா பஜாருக்கு வந்து இறங்கின. இந்தியாவுக்கான டிவிடி மண்டல எண் 5. பஜார் ப்ளேயருக்கு மண்டலமே கிடையாது, எல்லா ஊரும் அதற்குச் சொந்த ஊர். 2006இல் தமிழக அரசு 14 அங்குல இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. சிவப்பு, மஞ்சள், வெள்ளை ஒயர் மூன்றையும் அதன் முதுகில் குத்திவிட்டால் குடிசையும் தியேட்டர்தான். கம்ப்யூட்டர் இல்லாத வீடுகளுக்கு டிரான்ஸ்கோடிங் ஒரு வழியே அல்ல என்பதால், எதைப் போட்டாலும் ஓட்டும் மலிவுப் பெட்டியை வடசென்னை கொண்டாடியது.

அந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை திருட்டுத்தட்டுகள். 2004இல் குண்டர் சட்டத்தில் வீடியோ திருட்டும் சேர்க்கப்பட்டது. பஜாரில் ரெய்டு என்பது மழை மாதிரி, வரும், ஒதுங்குவார்கள், போகும். படம் எடுத்தவர்கள் நஷ்டப்பட்டது உண்மை. நான் சொல்ல வருவது தட்டைப் பற்றி அல்ல, பெட்டியைப் பற்றி.

எங்கள் தாத்தா இன்னும் ஒருமுறை பெயர்க்கப்பட்டார். 2008 வாக்கில் உறவுக்காரப் பையன் ஒருவன் விசிடியிலிருந்து அந்த ஒன்றரை நிமிஷத்தை வெட்டி, போனில் ஓடுவதற்காக 3ஜிபி ஆக்கினான். 176க்கு 144 புள்ளிகள். ஒலியை ஏஎம்ஆர் என்ற முறையில் சுருக்குவார்கள். அது டெலிபோன் பேச்சுக்காகச் செய்தது, மனிதக் குரலின் மேல் பகுதி முழுவதையும் அறுத்துவிடும். அந்த 3ஜிபிதான் புளூடூத்தில் குடும்பம் முழுக்கப் பரவியது, பிறகு வாட்ஸ்அப் அதை இன்னும் கசக்கியது. என் தங்கை பிள்ளைகளுக்குத் தாத்தா என்றால் முகத்துக்குப் பதில் எட்டு சதுரங்கள். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல்.

வீட்டுக்குள் படத்தை அனுப்பும் ஏற்பாட்டுக்கு ஒரு பொது மொழி வேண்டுமென்று 2003இல் சோனி, இன்டெல் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து ஆரம்பித்த கூட்டணிதான் பிறகு டிஎல்என்ஏ ஆனது. 2008இல் ப்ளெக்ஸ் வந்தது. 2018 கடைசியில், எம்பி என்ற சர்வர் மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, அதன் பழைய திறந்த பிரதியிலிருந்து ஜெல்லிஃபின் பிரிந்தது. எங்கள் வீட்டில் இருப்பது ஜெல்லிஃபின். அது ஓடுவது தங்கைக்கு ப்ளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப்பில். திரையை மூடி அலமாரியில் வைத்திருக்கிறேன். கரண்ட் போனாலும் பேட்டரியில் கொஞ்ச நேரம் தாங்கும். பத்து வருஷப் பழைய அந்த இயந்திரத்துக்கு எச்இவிசி படத்தைப் பெயர்க்கும் தெம்பு கிடையாது. ஆனால் அப்படியே எடுத்து நீட்டச் சொன்னால் ஒரே நேரத்தில் மூன்று அறைக்கு நீட்டும், சூடுகூட ஆகாது. ஏனென்றால் அப்போது அது செய்வது வெறும் ஃபைல் சப்ளை.

பெயர்ப்பு நடந்தால் ஏன் நடக்கிறது என்று ஜெல்லிஃபின் காரணம் காட்டும். பாதி நேரம் குற்றவாளி படமே அல்ல. டிவிக்குத் தெரியாத டிடிஎஸ் ஒலியாக இருக்கும். அப்போது ஒலியை மட்டும் மாற்றினால் போதும், அது சின்ன வேலை. சப்டைட்டில் இன்னும் மோசம். டிவிடி, ப்ளூரேயில் வரும் சப்டைட்டில் எழுத்தல்ல, படம். டிவி அதை ஏற்காவிட்டால் சர்வர் அதைப் படத்தின் மேலேயே பொறித்தாக வேண்டும், அதற்காக மொத்தப் படத்தையும் உருக்க வேண்டும். எழுத்தாக இருக்கும் எஸ்ஆர்டி ஃபைல் என்றால் தனியாக அனுப்பலாம். தமிழ் எஸ்ஆர்டி என்றால் இன்னொரு கூத்து. எங்கள் டிவியில் 'கொ' மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கும், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

அந்த விசிடி போன வருஷம் பாட்டியின் டிரங்குப் பெட்டியில், புடவைக்கு நடுவில் கிடைத்தது. கடற்காற்றில் இத்தனை வருஷம் தாங்கியதே பெரிசு. உள்ளே '.டேட்' என்று முடியும் ஃபைல். பயப்பட ஒன்றுமில்லை, அதுவும் ஒரு பெட்டிதான்; உள்ளே எம்பெக்-1 சரக்கு. 2000இல் ஃபப்ரிஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியில் 'காப்பி' என்று சொன்னால் சரக்கைத் தொடாமல் வேறு பெட்டிக்கு மாற்றிவிடும். 'இன்றைய' கோடெக்குக்கு மாற்றிவிடு, சுத்தமாகத் தெரியும் என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் செய்யவில்லை. ஏற்கெனவே பாதி அசைவை இழந்து வந்தவர். டிவி அந்த முப்பது வருஷப் பழைய கோடெக்கை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வாங்கிக்கொண்டது. கிணற்றுக் குரல் இல்லை. மூச்சு வாங்குவது கேட்டது, பின்னால் யாரோ பாத்திரம் போடுவது கேட்டது. அப்பா, "நைனா கொரலு இப்பிடிதான்டா இருக்கும்" என்றார். அப்புறம், "சவுண்ட கொஞ்சம் ஏத்து" என்றார்.

பழையது இவ்வளவு எளிதாக ஓடுவதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. டிவிக்கு ஒரு கோடெக் தெரியாமல் போவதற்கு அறிவுக் குறைவு மட்டும் காரணமல்ல. பெரும்பாலும் உரிமக் கட்டணம். எம்பெக்-1 யாருக்கும் காசு கட்ட வேண்டாத கிழவன். எம்பெக்-2வின் அமெரிக்கக் காப்புரிமைகள் 2018இல் முடிந்தன. 2013இல் வந்த எச்இவிசிக்கோ ஒரு கட்டத்தில் ஒன்றுக்கு மூன்று உரிமைக் கூட்டமைப்புகள் இருந்தன, தனித்தனி வசூல். டிடிஎஸ் ஒலியைப் பெரிய கம்பெனிகள் சில தங்கள் டிவிகளிலிருந்து எடுத்தே விட்டன. பழைய டிவியில் ஓடியது புது டிவியில் ஓடாது. இந்த வசூலுக்கு எதிராகக் கூகுள், நெட்ஃப்ளிக்ஸ், அமேசான் முதலியவை கூடி 2018இல் கட்டணமில்லாத ஏவி1ஐ வெளியிட்டன. அவர்களுக்கு அதில் அவர்கள் லாபம். நமக்கு இப்போதைக்கு அது சாதகம். புது டிவி வாங்கப் போகிற தம்பிகள் அங்குலத்தையும் 4கேவையும் விசாரித்த பிறகு, ஏவி1 இருக்கிறதா, டிடிஎஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். முடிந்தால் பென் டிரைவில் வீட்டுப் பழைய ஃபைல் ஒன்றைக் கொண்டுபோய்க் கடையிலேயே குத்திப் பாருங்கள்.