பொய் முகமும் மெய்ச் சாட்சியும்: கிறிஸ்டோபர் குலேந்திரன் தாமஸின் கலைப்பயணம்

புலம்பெயர்ந்தோர் கலை என்றதும் விட்டுவந்த வீடும் பழைய நிழற்படமும் ஊர் நினைவும்தான் பேசப்படுகின்றன. 1979இல் பிறந்த, பிரிட்டனைச் சேர்ந்த ஈழத்தமிழ் வம்சாவளிக் கலைஞர் கிறிஸ்டோபர் குலேந்திரன் தாமஸிடம் இந்த ஏக்கம் அபூர்வம். அரசு இல்லாத மக்களின் வரலாற்றை மெய்யென்று முத்திரை குத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே அவர் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்வி. ஓவியம், சிற்பம், திரைப்படம், மென்பொருள் என்று அவர் ஊடகம் மாறிக்கொண்டே போவதற்கும் இந்தக் கேள்வியே காரணம் என்று கருத இடமிருக்கிறது.

2009 மே மாதம் இலங்கையில் உள்நாட்டுப் போர் முடிந்தது. அதே ஆண்டு கொழும்பில் முதல் கலை பியனாலே நடந்தது. புதிய காட்சிக்கூடங்கள் முளைத்தன. அங்கே விற்பனைக்கு வந்த சமகாலப் படைப்புகளைக் காசு கொடுத்து வாங்கி, மேற்கத்தியச் சந்தையின் ரசனைக்கேற்ப மாற்றியமைத்துத் தன் படைப்பாகவே முன்வைத்தார் தாமஸ். ‘வென் பிளாட்டிட்யூட்ஸ் பிகம் ஃபார்ம்’ என்ற அந்தத் தொடரில், போருக்குப் பிந்தைய ‘அமைதி’யும் ஒரு சரக்காகிவிடுகிறது. அடுத்து 2016இல் பெர்லின் பியனாலேயில் ‘நியூ ஈழம்’ வந்தது: சந்தா கட்டினால் நகரத்துக்கு நகரம் மாறிக் குடியிருக்கலாம் என்னும் வீட்டுத் திட்டம். அவருடைய படைப்புகளில் பலவீனமானது இதுதான். விரும்பி ஊர் மாறுகிறவனையும் துரத்தப்பட்டவனையும் ஒரே சந்தாவில் அடக்க முடியாது.

திருப்பம் 2019இல் ‘பீயிங் ஹ்யூமன்’ படத்தோடு நிகழ்ந்தது. இதில் டெய்லர் ஸ்விஃப்டின் தோற்றத்தில் கணினி உருவாக்கிய ஒருவர் அசலைப் பற்றியும் போலியைப் பற்றியும் பேசுகிறார். படம் ஓடும் திரையே இடையிடையே கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிய, பின்னாலிருக்கும் ஓவியங்களும் சிற்பங்களும் வெளிப்படுகின்றன. 2022இல் ‘தி ஃபினெஸ்’ இன்னும் துணிந்தது. ஈழ விடுதலை இயக்கக் காலத்துப் பழைய ஒளிப்பதிவுகளோடு செயற்கை நுண்ணறிவுக் காட்சிகளும் கலக்கின்றன. ஆர்மீனிய வம்சாவளியினரான கிம் கர்தாஷியனின் சாயலில் ஓர் உருவம் ஈழத்தைப் பற்றிப் பேசுகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களை நெருப்புக்குப் பறிகொடுத்த மக்களின் ஆவணக் காப்பகத்தில், இல்லாததைப் புனைந்து நிரப்புவது வெறும் விளையாட்டாகிவிடாது.

இங்கேதான் கடுமையான ஆட்சேபம் எழுகிறது. இலங்கைப் படையினர் கைதிகளைச் சுட்டுக் கொல்வதாகக் காட்டும் காணொளியை 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி வெளியிட்டபோது, அதைப் போலி என்றது இலங்கை அரசு. அது உண்மையானதே என்று நிபுணர்கள் முடிவு செய்ததை, ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2010 ஜனவரியில் அறிவிக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வரலாறுள்ள மக்களின் பெயரால் ஒருவர் போலிக் காட்சி செய்தால், மறுப்பவர் கையில் கத்தியைக் கொடுத்ததாகாதா? ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் காணொளியை ‘போலி’ என்று தள்ள அரசுக்குச் செயற்கை நுண்ணறிவு தேவைப்படவில்லை. சொல்கிறவரின் பலமே போதுமாக இருந்தது. தாமஸ் பிரபலங்களின் முகத்தைக் கடன் வாங்குவது அந்தப் பலத்தைத்தான் குத்திக்காட்டுகிறது. இருந்தாலும் பார்வையாளருக்கு எது ஆவணம், எது புனைவு என்று பிரித்துச் சொல்லாத ‘தி ஃபினெஸ்’ அந்த ஆபத்தை முழுமையாகக் கடந்ததாகச் சொல்ல முடியாது. 2024இல் பிரசெல்ஸின் வீல்ஸ் கலைக்கூடத்தில் வைத்த ‘சேஃப் ஸோன்’ இதைவிடக் கவனமானது. போரின் கடைசி நாட்கள் கழிந்த முள்ளிவாய்க்கால் கடற்கரைக் காட்சிகளைக் கணினி வடிவமைக்க, அவை கையால் வண்ணம் தீட்டப்பட்டிருக்கின்றன. தூரிகைத் தடத்தைச் சாட்சியக் காணொளியோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.