சிந்தாதிரிப்பேட்டையில் மிதிவண்டி: விதிகள் பேச மறந்த பயணி

அண்ணா சாலையில் சிம்சன் நிறுத்தத்தைக் கடந்து, மே தினப் பூங்காவை ஒட்டிச் சிந்தாதிரிப்பேட்டைக்குள் நுழையும் மிதிவண்டியோட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். பின்னிருக்கையில் ஒரு கூடை. முன்னே ஒரு பேருந்து. வலப்புறம் வரிசையாய் இருசக்கர மோட்டார் வண்டிகள். அவர் வலப்பக்கம் திரும்ப வேண்டும். சாலையின் நடுவுக்கு வந்து திரும்புவதா? இடது ஓரத்திலேயே நின்று, சந்திப்பைக் கடந்து, மீண்டும் குறுக்கே உருட்டிச் செல்வதா? இரண்டையும் செய்வோரை நாம் அன்றாடம் காண்கிறோம். இருவரையுமே பிறர் வைகின்றனர்.

'சைக்கிள்காரருக்குச் சாலை விதி தெரியாது' என்பது நகரத்தில் பழகிப்போன வசை. சாலை விதிகளுக்குச் சைக்கிள்காரரைத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை காணச் சற்றே பின்னோக்கிச் செல்வோம்.

தறிக்கென அமைந்த தெருக்கள்

சிந்தாதிரிப்பேட்டை, சின்னத் தறிப் பேட்டை என்பதன் மரூஉ என்பர். துணி வணிகத்தை நம்பி வாழ்ந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நெசவாளர்கள் அருகிலேயே இருக்க வேண்டியிருந்தது. ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், 1734இல், கூவத்தின் வளைவுக்குள் இருந்த சுங்குராமச் செட்டியின் தோட்ட நிலத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டு, நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர், வெளுப்போர் ஆகியோருக்கென ஒரு குடியிருப்பை உருவாக்கியது. ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீசுவரரும் அடுத்தடுத்துக் கோயில் கொண்ட இரட்டைக் கோயில் அந்தத் தொடக்க காலத்தின் சின்னமாக இன்றும் நிற்கிறது.

நெசவாளர் தெரு என்பது வெறும் வழி அன்று. பாவு நீட்டவும், கஞ்சி தோய்த்து உலர்த்தவும் நேரான, நீளமான, நிழலுள்ள தெரு வேண்டும். தமிழகத்தின் நெசவூர்கள் பலவற்றில் விடியற்காலையில் தெருவே தொழிற்கூடமாவதை இன்றும் காணலாம். பாவு நீட்டியிருக்கும் வேளையில் வண்டி ஒதுங்கிப் போகும். பாவைச் சுருட்டியபின் வண்டிக்கு வழி கிடைக்கும். எழுதப்படாத இந்த ஒப்பந்தத்தில் தெருவின்மீது முதல் உரிமை அங்கே உழைப்பவருக்கு. கடந்து போகிறவர் காத்திருக்க வேண்டும். பின்னாளில் பேட்டைக்கு மாட்டுவண்டி வந்தது, ஜட்கா வந்தது, கைரிக்‌ஷா வந்தது. இவை எல்லாம் மனித நடையைவிடச் சிறிதே விரைவானவை. கண்ணும் குரலுமே இவற்றுக்கு விதிகளாக இருந்தன.

வேகம் வந்த கதை

1895ஆம் ஆண்டு மே 7 அன்று சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின் டிராம் கண்ட முதல் நகரம் நம்முடையதே. 1903இல் சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டினார். பேட்டையின் வாயிலில் இருக்கும் பேருந்து நிறுத்தம் அந்நிறுவனத்தின் பெயரையே இன்றளவும் தாங்கி நிற்கிறது. ஆற்றின் மறுகரையிலுள்ள புதுப்பேட்டையோ, பின்னாளில் பழைய மோட்டார் வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் சந்தையானது. தறிப்பேட்டையை மோட்டார் சுற்றி வளைத்துக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

மிதிவண்டியும் ஏறத்தாழ இதே காலத்தில்தான் இங்கே பரவியது. முதலில் வெள்ளையரும் வசதியுள்ளவரும் ஏறிய ஊர்தி, ஒரு தலைமுறைக்குள் குமாஸ்தாவின் வண்டியாகவும், பால்காரர், தபால்காரர், அச்சுக்கூடத் தொழிலாளர் ஆகியோரின் வண்டியாகவும் மாறியது. இறக்குமதிச் சரக்காக இருந்தது, 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவப்பட்டபின் உள்ளூர்ப் பொருளாயிற்று. சொந்தமாக வாங்க இயலாதவருக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. வண்டியின் பெயரிலும் தமிழ் வேறுபட்டது. நாம் 'மிதிவண்டி' என்றோம். ஈழத்தமிழர் 'துவிச்சக்கரவண்டி' என்றனர். பேச்சில் இரு கரையிலும் சைக்கிள்தான்.

எத்தனை பேர் ஓட்டினர்? 1970ஆம் ஆண்டையொட்டி எடுக்கப்பட்ட கணக்கின்படி, சென்னையின் மொத்தப் பயணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிதிவண்டியில் நிகழ்ந்தது. அந்நாளில் மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் சேர்ந்தே மிகச் சிறு பங்குதான். இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு அன்றைய சட்டம் என்ன சொல்லியது?

வரியும் விளக்கும்

சட்டம் மிதிவண்டியை முதலில் வரிக்குரிய பொருளாகக் கண்டது. உள்ளாட்சி அமைப்புகள் ஆண்டுதோறும் கட்டணம் பெற்று வில்லை வழங்கின. வில்லை இல்லாத வண்டி பிடிபடும். இரவில் விளக்கு வேண்டும். முதலில் எண்ணெய் விளக்கு, பிறகு டைனமோ. விளக்கின்றி வந்தவரை நிறுத்திச் சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிடும் காவலரை நினைவுகூரும் முதியவர்கள் இன்றும் உளர். இருவர் ஏறிச் செல்லும் 'டபுள்ஸ்' நெடுங்காலம் குற்றம். பின்னர் அத்தடை விலகியது, வில்லையும் மறைந்தது.

தண்டனைச் சட்டமும் அவரை விட்டுவைக்கவில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 279ஆம் பிரிவில், பொதுவழியில் அசட்டையாக வண்டி ஓட்டுவோரையும் 'ஏறிச் செல்வோரையும்' குற்றவாளியாக்கியது. சட்டம் எழுதப்பட்டபோது மிதிவண்டி நம் நாட்டுக்கு வந்திருக்கவில்லை. குதிரைமீது செல்வோருக்குப் பொருந்திய சொல், வந்தபின் மிதிவண்டியோட்டியையும் உள்ளடக்கிக்கொண்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவும் அதையே தொடர்கிறது.

இங்கிலாந்தில் நடந்ததோ வேறு. இடப்புறம் செல்லும் வழக்கத்தைச் சட்டமாக்கியது அங்கே 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம். மிதிவண்டி வண்டியாகுமா என்ற ஐயம் 1879இல் நீதிமன்றத்துக்கு வந்தது. விரைந்து ஓட்டிய குற்றத்துக்கு அது வண்டியே என்று தீர்ப்பாயிற்று. 1888இல் நாடாளுமன்றமே அதை வண்டி எனச் சட்டத்தில் எழுதியது. வண்டி என்றால் கடமை மட்டுமல்ல, சாலையில் ஓர் இடமும் உண்டு. கடமையை மட்டும் இறக்குமதி செய்துகொண்ட நாம், இடத்தை அங்கேயே விட்டுவிட்டோம்.

மோட்டார் இருக்கையில் அமர்ந்து எழுதிய விதிகள்

1914, 1939, 1988 என மூன்று மோட்டார் வாகனச் சட்டங்கள் நாட்டுக்கு வந்தன. பெயரே எல்லையைக் காட்டிவிடுகிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1989இல் வெளியான சாலை விதிமுறைகள், 'மோட்டார் வாகனத்தின் ஓட்டுநர்' என்றே பேசுகின்றன. சாலைக் குறிகளுக்குக் கீழ்ப்படியுமாறு சட்டம் கட்டளையிடுவதும் அந்த ஓட்டுநருக்குத்தான். மிதிவண்டியோட்டி சிவப்பு விளக்கை மீறலாம் என்பது இதன் பொருளன்று. 1888ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம் போன்றவை அவரையும் கட்டுப்படுத்தும். ஆனால் அவர் எங்கே செல்ல வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்று அவரை நோக்கி எடுத்துரைக்கும் பொது விதி எதுவும் அந்த ஏட்டில் இல்லை.

கைச் சைகைகளைப் பாருங்கள். 1989ஆம் ஆண்டு விதிகளின்படி வலப்புறம் திரும்புபவர் வலக்கையை நீட்ட வேண்டும். இடப்புறம் திரும்புபவரும் வலக்கையையே நீட்டி, இடஞ்சுழியாகச் சுழற்ற வேண்டும். ஏன் இந்தச் சுற்றுவழி? காரில் வலப்பக்கம் அமர்ந்திருப்பவரின் இடக்கை வெளியே தெரியாது. மிதிவண்டியோட்டிக்கோ இரு கைகளும் திறந்தவெளியில் உள்ளன. இடக்கையை இடப்புறம் நீட்டினால் குழந்தைக்கும் புரியும். மேலும், நம் ஊர் வண்டிகளில் முன்சக்கரத் தடை வலக்கைப் பிடியில் உள்ளது. திருப்பத்தை அறிவிக்க வலக்கையைச் சுழற்றுபவர், அந்த நொடியில் முன்தடையை இழக்கிறார். காருக்கு வகுத்த சைகை மிதிவண்டிக்குப் பொருந்தவில்லை.

'இடது ஓரமாகச் செல்' என்பதும் அவ்வாறே. வேகமாக ஓடும் வண்டிகளின் நடுவே அது நல்ல அறிவுரை போலத் தோன்றும். ஆனால் பேட்டையின் தெருக்களில் இடது ஓரத்தில் என்ன இருக்கிறது? நிறுத்திவைத்த வண்டிகள், திடீரெனத் திறக்கும் கார்க்கதவு, சரக்கிறக்கும் வேன், மீன் சந்தையிலிருந்து வழியும் நீர், சாலை மட்டத்துக்குக் கீழிறங்கிய சாக்கடை மூடி. அண்ணா சாலையிலோ இடது ஓரம் பேருந்து நின்று புறப்படும் இடம். இடப்புறம் ஒதுங்கும் பேருந்துக்கும் நடைமேடையின் விளிம்புக்கும் இடையே அகப்படுபவர், ஓரமாகச் சென்ற காரணத்தாலேயே அகப்படுகிறார். பேருந்தோட்டுநரையும் நாம் குறைசொல்ல இயலாது. நிறுத்தத்தில் ஒதுங்கி நிற்பது அவர் கடமை. இருவரும் தத்தம் விதிப்படியே நடக்கின்றனர்; இரு விதிகளும் ஒரே முழ நிலத்தில் மோதுகின்றன.

சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள சாலைக் குறிகள் இன்னொரு சான்று. மாட்டுவண்டிக்குத் தடை, குதிரைவண்டிக்குத் தடை, கைவண்டிக்குத் தடை, மிதிவண்டிக்குத் தடை எனச் சிவப்பு வட்டங்கள் அணிவகுக்கின்றன. 'மிதிவண்டிக்கு மட்டும்' என்ற நீல வட்டமும் அதில் உண்டு. மிதிவண்டிப் பாதை இருந்தால் மோட்டார் அதில் ஏறக்கூடாது என்று 1989ஆம் ஆண்டு விதியும் சொல்கிறது. பாதை இருந்தால்தானே!

மூன்றாம் தரப்பு

மோட்டார் வாகனச் சட்டம் மிதிவண்டியோட்டியை உரிமையுள்ள மனிதராக நடத்தும் இடம் ஒன்று உண்டு. அது காப்பீட்டு அதிகாரம். மோட்டார் மோதி அவர் அடிபட்டால், அவர் 'மூன்றாம் தரப்பு'. அவருக்கு இழப்பீடு கிடைக்கவே 146ஆம் பிரிவு காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. மோதிய வண்டி அடையாளம் தெரியாமல் ஓடிவிட்டாலும், இறந்தவர் குடும்பத்துக்கு இரண்டு இலட்சம் ரூபாயும், கொடுங்காயமுற்றவருக்கு ஐம்பதாயிரமும் தர 2022 ஏப்ரல் முதல் ஏற்பாடு உள்ளது. இது நன்றே. எனினும், ஒருவர் வீழ்ந்தபின் மட்டுமே அவரை அடையாளம் காணும் சட்டத்தை முழுமையான சட்டம் என்று சொல்ல நம் மனம் இசையவில்லை.

உலகில் வேறு வழிகளும் உள்ளன. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, மிதிவண்டி ஓட்டுபவரையும் 'ஓட்டுநர்' என்றே வரையறுத்தது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982இல், 'நில்' என்ற பலகையருகே மிதிவண்டியோட்டி வேகம் தணித்து, வழிவிட்டுச் செல்லலாம் என்று தனி விதி வகுத்தது. மோட்டாருக்கும் மிதிக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்ற தெளிவு அதில் உண்டு. பிரிட்டன் 2022 ஜனவரியில் தன் நெடுஞ்சாலை விதிநூலைத் திருத்தி, பிறருக்கு மிகுதியான தீங்கு விளைவிக்கக் கூடியவருக்கே மிகுதியான பொறுப்பு என்று எழுதியது. சிந்தாதிரிப்பேட்டை நெசவாளரின் எழுதாத ஒப்பந்தத்துக்கு இது எவ்வளவு அருகில் வருகிறது!

எழுதப்படாத பக்கம்

நம் நாட்டிலும் அசைவு தென்படுகிறது. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. 2018க்குள் நடப்போரும் மிதிவண்டியோட்டிகளும் சாலையில் இறப்பதை முற்றாக ஒழிப்பது அதன் இலக்குகளுள் ஒன்று. அவ்வாண்டு வந்தது, போனது, இலக்கு ஏட்டிலேயே நின்றது. 2017இல் 1989ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக வந்த ஓட்டுதல் விதிமுறைகள், நடப்போர், மிதிவண்டியோட்டிகள், குழந்தைகள், முதியோர் ஆகியோரிடம் தனிக் கவனம் காட்டுமாறு ஓட்டுநருக்கு அறிவுறுத்தின. 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ 138ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்து, இயந்திரமில்லா வண்டிகளுக்கும் நடப்போருக்கும் விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளிடமே அளித்தது. அவ்விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்குமாறு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

ஆகவே, ஏட்டில் ஒரு வெற்றுப் பக்கம் திறந்து கிடக்கிறது. அதில் எழுதப்போவது யாருக்காக? 1970ஐ ஒட்டி ஐந்தில் ஒரு பங்காக இருந்த மிதிவண்டிப் பயணம், 2008ஆம் ஆண்டு ஆய்வில் நூற்றுக்கு ஆறாகக் குறைந்திருந்தது. எஞ்சியவர்களுள் பெரும்பாலோர் விருப்பத்தால் மிதிப்பவர் அல்லர். வேறு வண்டிக்கு வழியில்லாதவர். விடியுமுன் செய்தித்தாள் போடுபவர், பால் உறை கொண்டுசெல்பவர், இரவுக் காவல் முடிந்து வீடு திரும்புபவர், தேநீர்க் கலத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு கடை கடையாகச் செல்பவர். அரசுப் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்குவதில் முன்னோடியான மாநிலம் நம்முடையது. வண்டியைக் கொடுத்த கை, அதை ஓட்டும் வழியையும் சொல்லிக் கொடுக்க வேண்டாமா?

அந்தப் பக்கத்தில் நாம் காண விரும்புவன சிலவே. மிதிவண்டியோட்டியும் ஓட்டுநரே என்ற வரையறை. வலப்பக்கம் திரும்ப அவருக்கு இரண்டு வழிகளும் உண்டு, இரண்டும் முறையானவை என்ற தெளிவு. அவரைக் கடந்து செல்லும் மோட்டார் விடவேண்டிய இடைவெளி இத்தனை அடி என்ற எண். பேருந்து நிறுத்தத்தில் யார் யாருக்குக் காத்திருப்பது என்பதற்கு ஒரு விடை. இடக்கையாலும் சைகை காட்டலாம் என்ற ஒரு வரி. இவை அனைத்தும் தமிழில், தேநீர்க் கலம் சுமப்பவர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் இருத்தல் வேண்டும்.

அதுவரை, சிம்சன் சந்திப்பில் நமக்கு முன்னே ஒரு மிதிவண்டி தயங்கி நின்றால், ஒலிப்பானை அழுத்துமுன் ஒரு கணம் பொறுப்போம். தயக்கம் அவருடையதாக இருக்கலாம். குழப்பம் அவர் உண்டாக்கியதன்று.