ரயிலுக்கு மேலே ஒரு வீடு: பத்திரத்தில் தொடங்கும் கட்டடங்கள்

ஒரு இடத்துக்கு ரயில் வரப்போகுதுன்னு சேதி கசிஞ்சாலே போதும், அங்கே மனை விலை ஏறிடும். தண்டவாளம் போடச் செலவு செய்பவர் ஒருவர், பக்கத்தில் சும்மா நிலம் வைத்திருந்து லாபம் பார்ப்பவர் வேறொருவர். இந்தக் கணக்கை நேராக்க முடியுமா என்ற கேள்வியில்தான், நிலையத்தை ஒட்டி கீழே கடை, மேலே வீடு என்று எழும் கட்டடங்களின் வரலாறு இருக்கிறது. அதில் இரண்டு கட்டடங்களை மட்டும் இங்கே பார்ப்போம். ஒன்று லண்டனில், இன்னொன்று ஹாங்காங்கில்.

முதலில் லண்டன். உலகின் முதல் சுரங்க ரயில் 1863 ஜனவரியில் அங்கே ஓடத் தொடங்கியது. நடத்தியது மெட்ரோபாலிட்டன் ரயில்வே என்ற தனியார் கம்பெனி. அன்றைய பிரிட்டனில் ரயில் கம்பெனிகள் கட்டாயமாக நிலம் கையகப்படுத்தலாம். ஆனால் வேலைக்குப் போக மிஞ்சிய நிலத்தை வைத்துக்கொள்ள முடியாது. பணி முடிக்கவேண்டிய கெடு தாண்டிப் பத்து ஆண்டுகளுக்குள் விற்றுவிட வேண்டும் என்றது 1845ஆம் ஆண்டுச் சட்டம். ரயிலுக்குன்னு வாங்கி ரியல் எஸ்டேட் பண்ணக்கூடாது, அவ்வளவுதான்.

மெட்ரோபாலிட்டன் மட்டும் தனக்கென நாடாளுமன்றத்தில் பெற்ற சட்டங்களில் விலக்கு வாங்கிக்கொண்டது. மிச்ச நிலத்தை வைத்துக்கொள்ளலாம், வாடகைக்கு விடலாம். சின்ன வரிதான். ஆனால் கம்பெனியின் தலையெழுத்தையே அது மாற்றிவிட்டது. 1919இல் வீட்டுமனைகளுக்கென்றே ஒரு தனி நிறுவனம் தொடங்கினார்கள். லண்டனின் வடமேற்கே, நிலையங்களைச் சுற்றிக் குடியிருப்புகள் எழுந்தன. அந்தப் பகுதிக்கு 'மெட்ரோ-லேண்ட்' என்று பெயர் சூட்டியது ரயில்வேயின் விளம்பரப் பிரிவு. வீடு விற்றால் ஒரு வருமானம்; வீடு வாங்கியவர் தினமும் டிக்கெட் எடுப்பதில் இன்னொரு வருமானம்.

இதே கம்பெனி நகரத்துக்குள் கட்டியதுதான் பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு மேலே நிற்கும் சில்டர்ன் கோர்ட். முதலில் அங்கே ஹோட்டல் கட்டத்தான் திட்டம். முதல் உலகப்போர் வந்து வேலை நின்றுபோனது. பிறகு கம்பெனியின் கட்டடக் கலைஞர் சார்லஸ் கிளார்க் அதை அடுக்குமாடியாக வடிவமைத்தார். 1929இல் திறந்தார்கள். தரைத்தளத்தில் கடைகளும் பெரிய உணவகமும். மேலே சுமார் 180 வீடுகள். கீழே இறங்கினால் ரயில்.

குடியேறியவர்கள் வசதியானவர்கள். நாவலாசிரியர்கள் எச்.ஜி. வெல்ஸும் அர்னால்ட் பென்னட்டும் 1930இல் அங்கே வந்தார்கள். மறு ஆண்டே பென்னட் டைபாய்டில் இறந்துபோனார். அவர் படுக்கையில் கிடந்தபோது வண்டிச் சத்தம் கேட்காமல் இருக்க, வாசலில் உள்ள மேரிலபோன் சாலையில் வைக்கோல் பரப்பினார்கள். கீழே ரயில், வெளியே சாலை, நடுவில் ஒரு நோயாளி. இப்படிப்பட்ட கட்டடத்தின் பெரிய வில்லங்கம் சத்தமும் அதிர்வும்தான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

1933இல் லண்டனின் ரயில்களையும் பேருந்துகளையும் ஒரே பொது வாரியத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். மெட்ரோபாலிட்டனும் அதில் போனது. ஆனால் அதன் மனை நிறுவனம் மட்டும் வாரியத்துக்குள் வரவில்லை, தனியாராகவே தொடர்ந்தது. ரயில் ஒரு கைக்கு, நிலம் இன்னொரு கைக்கு. பழைய கணக்கு பழையபடி!

நாற்பது வருஷம் கழித்து அந்த இரண்டையும் மறுபடி முடிச்சுப் போட்டது ஹாங்காங். அங்கே ஒரு தேவாலய மனையைத் தவிர ஏறக்குறைய எல்லா நிலமும் அரசுக்குச் சொந்தம். மற்றவர்களுக்குக் குத்தகை மட்டுமே. 1975இல் அரசு எம்.டி.ஆர். நிறுவனத்தை உருவாக்கியது. பாதையையொட்டிக் கட்டும் உரிமை அந்த நிறுவனத்துக்குக் கிடைக்கும். நிலத்தின் விலையை 'இங்கே ரயிலே வராது' என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவார்கள். கட்டுமானச் செலவு தனியார் பில்டருடையது. ரயில் வந்ததால் ஏறிய மதிப்பில் ரயிலுக்கும் பங்கு. இதுதான் ஏற்பாட்டின் சாரம்.

1979 அக்டோபர் 1 அன்று முதல் தடம் ஓடியது. அதிலுள்ள கௌலூன் பே நிலையத்தை ஒட்டி, ரயில் பணிமனைக்கு மேலே எழுந்தது டெல்ஃபர்ட் கார்டன்ஸ்: 41 கட்டடங்கள், ஏறக்குறைய 5,000 வீடுகள், கூடவே கடைவளாகம்.

பணிமனைக்கு மேலே வீடு கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. தூண்களை இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. தண்டவாளங்களுக்கு இடையே கிடைக்கும் இடத்தில்தான் இறக்க வேண்டும். மேலே வீட்டின் சுவர்களோ வேறு அளவில் வரும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் பாரத்தைத் திருப்பிவிடத் தடிமனான கான்கிரீட் மேடை வேண்டும். தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் அந்த மேடைக்குள் வழி கண்டுபிடிக்க வேண்டும். கடைக்கு வருகிறவர் வழி வேறு, குடியிருப்பவர் வழி வேறு, சரக்கு லாரியின் வழி வேறு. இதெல்லாம் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு யோசித்தால் நடக்காது. பணிமனை வரைபடத்தின் முதல் கோட்டிலேயே மேலே வரப்போகும் வீடு இருந்தாக வேண்டும். ரயில் கட்டுபவருக்கு மேல்வெளியிலும் உரிமை இருந்தால்தானே அப்படி யோசிப்பார்?

அதனால்தான் எனக்குத் தோணுது, இந்த மாதிரிக் கட்டடத்தின் முதல் வரைபடம் பத்திரம்தான். ஆர்க்கிடெக்ட் பேனாவைத் திறப்பதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. மனை விலையை நம்பி வாழும் ரயில் நிறுவனத்துக்கு, வீட்டு விலை ஏறினால்தான் நல்லது. சில்டர்ன் கோர்ட் பணக்காரர்களின் விலாசமானது. உலகிலேயே மிக விலை உயர்ந்த வீடுகள் உள்ள ஊர்களில் ஒன்று ஹாங்காங். ரயிலை அதிகம் நம்பி வாழ்கிற ஆட்களுக்கே நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு எட்டாமல் போகலாம். ஏறிய மதிப்பை ரயிலுக்குத் திருப்புவது பாதி நியாயம். அதில் ஒரு பங்கைக் குறைந்த வாடகை வீடுகளாக மாற்றுவது மீதிப் பாதி. அதையும் பத்திரத்திலேயே எழுதி வைக்க வேண்டும்; கட்டி முடித்த பிறகு யாரும் எழுத மாட்டார்கள்.