சிறைவாசமும் இணையர் உறவும்

சிறைவாசமும் இணையர் உறவும் என்பது, கணவன் அல்லது மனைவி சிறைப்படுவதால் அவர்களின் மணவாழ்விலும் பாலியல் நலத்திலும் நேரும் விளைவுகளைக் குறிக்கும். சிறைப்படுபவர் ஒருவரே எனினும் பிரிவு இருவருக்கும் நேர்கிறது.

சித்தேரி

தருமபுரி மாவட்டம் அரூரை அடுத்த சித்தேரி மலையில் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளி பழங்குடியினர் (இவர்களது மொழி தமிழ், கேரள மலையாளிகள் வேறு). வேளாண்மை வருவாய் போதாமையால் கூலிக்கு வெளியூர் செல்வோர் பலர். அவ்வாறு செம்மரம் வெட்டச் சென்ற சிலர் ஆந்திரச் சிறைகளில் அடைபட்டனர். 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் இம்மலையைச் சேர்ந்தோரும் உண்டு. 2013 இல் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் கைதான நூற்றுக்கணக்கான தமிழகத் தொழிலாளர்கள், 2016 இல்தான் விடுவிக்கப்பட்டனர். குற்றம் மெய்ப்பிக்கப்படாமலேயே மணவாழ்வில் ஈராண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. பேச்சுவழக்கில் 'மனு பார்த்தல்' எனப்படும் சிறைச் சந்திப்புக்கு மனைவி மாநில எல்லை கடந்து செல்லவேண்டும். அன்றைய கூலியும் போகும்.

சட்டநிலை

தமிழ்நாட்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் (1982) தண்டனை பெற்றோருக்கே விடுப்பு அளிக்கின்றன. விசாரணைக் கைதிக்குப் பிணை ஒன்றே வழி. 2018 இல் பாளையங்கோட்டைச் சிறையின் ஆயுள் கைதி ஒருவருக்கு, மகப்பேற்றின் பொருட்டு இரு வார விடுப்பைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழங்கியது. எனினும் 2022 இல் அந்நீதிமன்றத்தின் முழு ஆயம், மண உறவுக்கென விடுப்பை உரிமையாகக் கோர இயலாது என்றது. குழந்தையற்றோரின் மலட்டுத்தன்மைச் சிகிச்சையை மட்டும் சிறப்புக் காரணமாக ஏற்றது. நீண்ட தண்டனையில் மனைவியின் மகப்பேற்று வயது கடந்துவிடுவதே இவ்வழக்குகளின் உட்கிடை.

பாலியல் நலம்

நெரிசல் மிக்க சிறைகளில் எச்.ஐ.வி, காசநோய் ஆகியவற்றின் தாக்கம் வெளியுலகைவிட மிகுதி. உள்ளே கண்டறியப்படாத தொற்று, விடுதலைக்குப் பின் துணையைச் சென்றடையலாம். 1994 இல் தில்லி திகார் சிறையில் ஆணுறை வழங்கும் முயற்சியை நிர்வாகம் ஏற்கவில்லை. ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377 ஆம் பிரிவு அதற்குத் துணைநின்றது. வயதுவந்தோரின் இசைவான உறவைப் பொறுத்தவரை அப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 இல் செல்லாததாக்கியது. 2022 செப்டம்பரில் இந்தியாவிலேயே முதலாவதாகக் கைதிகளுக்குத் துணையுடனான தனிமைச் சந்திப்பைத் தொடங்கிய பஞ்சாப், பால்வினை நோய்களும் காசநோயும் இல்லை என்னும் மருத்துவச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது.